முன்னால் செலவு, பின்னால் கோளாறு

என் ஜென் காருக்குப் புது ஸ்டியரிங் ரேக் தேவைப்படவே இல்லை. மாற்றிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரரிடம் போய் இதைச் சொன்னேன். "பழைய வண்டின்னா ஒவ்வொண்ணாத்தான் சார் பார்த்துக்கிட்டு வரணும்" என்றார். ஒவ்வொன்றாகப் பார்ப்பது வேறு, ஒவ்வொன்றாக மாற்றுவது வேறு. பார்ப்பதற்கு அவருடைய நேரம் செலவாகும். மாற்றுவதற்கு என்னுடைய பணம் செலவாகும். எது சுலபம் என்று அவர் முடிவுசெய்து ரொம்ப நாளாகிவிட்டது. நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2002 மாடல், எல்எக்ஸ், பவர் ஸ்டியரிங் கிடையாது. மாருதி 1993-ல் கொண்டுவந்து 2006-ல் நிறுத்திய கார் இது. 993 சிசி எஞ்சின், ஆள் ஏறாமல் முக்கால் டன்னுக்குச் சற்று மேலே எடை, 145 மில்லிமீட்டர் அகலத்தில் டயர். இவ்வளவு லேசான வண்டி காற்றில் அசையத்தான் செய்யும். யாரும் அதை மறுக்கவில்லை. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஜென் ஒருமுறை அசையும், ஸ்டியரிங்கைச் சற்றுப் பிடித்தால் அப்படியே நேராகிவிடும். பவர் ஸ்டியரிங் இல்லாததால் ரோட்டில் நடப்பது எல்லாம் கைக்கு வந்து சேரும். அந்தச் சுகத்துக்காகத்தான் இதை வாங்கினேன், பணமில்லாமல் அல்ல. என் மச்சினனுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பாதையின் காற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அது கிழக்கே பாயும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மாவா? அந்த இடத்தில் காற்று பெரும்பாலும் முதுகுப்பக்கம் இருந்து தள்ளுவதால் பெட்ரோல்கூட மிச்சம். காவல்கிணற்றில் நான்குவழிச் சாலையில் ஏறி வடக்கே திரும்பியதும்தான் வினை. பணகுடி, வள்ளியூர் வரை இடது விலாவில் அடிக்கும். ஒரு லாரியை முந்தும்போது லாரி மறைத்துக்கொள்வதால் காற்று சட்டென்று நிற்கும், லாரியைத் தாண்டியதும் மொத்தமாக வந்து மோதும். வண்டியின் உண்மையான உடம்பு நிலை அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். அலைன்மென்ட் கடையின் கம்ப்யூட்டரில் தெரியாது.

என் வண்டி அந்த நொடியில் செய்தது இது. காற்று அடித்ததும் வலது பக்கம் விலகும். நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் கொஞ்சம் பிடிப்பேன். ஒன்றும் நடக்காது. "சரி, போதவில்லை" என்று இன்னும் கொஞ்சம் பிடிப்பதற்குள் முதலில் பிடித்ததற்கான பலன் தாமதமாக வந்து சேரும், அதோடு இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். வண்டி இடது பக்கம் தேவைக்கு மேல் போகும். மறுபடி வலது. இப்படி இரண்டு மூன்று தடவை அலைந்துதான் அடங்கும். 60-ல் போனால் பொறுத்துக்கொள்ளலாம். 80-ல் உள்ளங்கை வேர்த்துவிடும்.

பின்சீட்டில் இருந்த என் மாமியார் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். "மக்களே, முன்னால ஒண்ணும் ஆடலை. வாலுதான் ஆடுது." ஒர்க்‌ஷாப்பில் இதை அப்படியே சொன்னேன். அங்கே வேலை செய்த பையன் சிரித்தான், முதலாளியும் சிரித்தார். கார் ஓட்டத் தெரியாத எழுபது வயது அம்மா சொன்ன நோய்க்குறி, தொழில் தெரிந்த இரண்டு பேருக்கு நகைச்சுவையாகப் போய்விட்டது. பின்சீட்டில் இருப்பவருக்கு ஆட்டம் அதிகமாகத் தெரிந்தால் பின்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு மெக்கானிக் ஆக வேண்டியதில்லை.

அவர்கள் பார்த்தது ஸ்டியரிங்கை. வண்டியை நிறுத்தி, இரண்டு விரலால் வளையத்தை அப்படியும் இப்படியும் ஆட்டி, "இவ்வளவு ப்ளே இருக்கு பாருங்க சார்" என்றார் முதலாளி. விரல் தடிமனுக்கு இருந்தது. இந்த வகைச் சிறு கார்களில் வளையத்தின் ஓரத்தில் 30 மில்லிமீட்டர் வரை ப்ளே இருந்தால் பரவாயில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ரேக்கை டைட் வெச்சா சரியாயிடும்" என்றார். ரேக்கின் உடம்பில் ஒரு ஸ்குரூவும் அதற்குள் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. பல்லோடு பல் சரியாகப் பொருந்தி நிற்க அந்த ஸ்பிரிங் ரேக்கை பினியன்மேல் அழுத்திப் பிடிக்கும். ஸ்குரூவைத் திருகினால் ப்ளே குறையும். அளவுக்கு மீறித் திருகினால் ஸ்டியரிங் இறுகிவிடும்.

இறுகியது. ஒர்க்‌ஷாப் வாசலில் ஓட்டிப் பார்த்தபோது "ஆகா, கெட்டியாக இருக்கிறதே" என்றுதான் தோன்றியது. இந்த ஏமாற்றை நன்றாகக் கவனியுங்கள். வளைவு முடிந்து கையை விட்டால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு சாய்த்து அமைக்கப்பட்டிருப்பதே அதற்காகத்தான். ரேக் இறுகினால் அந்தத் திரும்புதல் செத்துவிடும். நீங்கள் விட்ட இடத்திலேயே ஸ்டியரிங் நிற்கும். நேர் சாலையில்கூட ஒவ்வொரு சிறு விலகலுக்கும் நீங்களே திருப்பி நீங்களே நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த சனிக்கிழமை பணகுடியில் வண்டி முன்பைவிட மோசமாக அலைந்தது. இப்போது இரண்டு கோளாறு: பழையது ஒன்று, அவர் கொடுத்தது ஒன்று.

திரும்பிப் போய்ச் சொன்னால், "அப்ப ரேக் போச்சு சார். உள்ள பல்லு தேஞ்சிருக்கும். அசெம்பிளியா மாத்திருவோம்" என்றார். ஐந்தாயிரத்துச் சொச்சம் ரேக்குக்கு, கூலி தனி, டை ராடு எண்டு இரண்டும் "கையோட" மாற்றியது தனி, மறுபடி அலைன்மென்ட் தனி. நான் சம்மதித்தேன். நீங்களாக இருந்தாலும் சம்மதித்திருப்பீர்கள். பக்கத்தில் ஆம்னி பஸ் ஒன்று ஒட்டிப் போகும்போது, பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, கைக்கு அடங்காத வண்டியை ஓட்டிப் பாருங்கள். "ஸ்டியரிங்" என்று யாராவது சொன்னால் அதற்குமேல் பேரம் பேச நாக்கு வராது. அந்தப் பயத்தை வைத்துத்தான் பில் எழுதுகிறார்கள்.

புது ரேக்கோடு ஸ்டியரிங் மறுபடி இலகுவாகித் தானாகத் திரும்பியது. ஆக, அவர் கொடுத்த கோளாறு போய்விட்டது. பழைய கோளாறு அப்படியே இருந்தது. நான் கொடுத்த பணம் முழுவதும் அவர் கெடுத்ததை அவரே சரிசெய்யத்தான் போயிருக்கிறது. இந்தக் கணக்கை அவரிடம் காகிதத்தில் எழுதியே காட்டினேன். வண்டி பழசு என்றார்.

ரேக் போய்விட்டது என்று உங்களிடம் யாராவது சொன்னால், கழற்றுவதற்கு முன்பு காட்டச் சொல்லுங்கள். சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் ஆட்டட்டும், சக்கரம் திரும்பும் அளவுக்கு வேண்டாம். நீங்கள் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்துப் பாருங்கள். டை ராடு எண்டு தேய்ந்திருந்தால் விரலுக்கு டக்டக்கென்று தெரியும். ரேக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை இருக்கும். அதை அமுக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் ரேக் எண்டின் ஆட்டம் உணரலாம். பிறகு டை ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ரேக்கே சேர்ந்து குதித்தால் உள்ளிருக்கும் புஷ் போயிருக்கிறது, அதை மட்டும் மாற்றலாம். ரேக்கை பாடியோடு பிடிக்கும் கிளாம்பின் ரப்பரும் தேயும், அதன் விலை ஒரு சாப்பாட்டுச் செலவு. இத்தனையும் பார்த்த பிறகு, பல் தேய்ந்திருக்கிறது என்று அவர் காட்டினால் மாற்றுங்கள். என் பழைய ரேக்கில் பல் தேயவில்லை. ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தினதும் வெண்ணெயாக ஓடியது.

இடையில் மச்சினன் ஒரு யோசனை சொன்னான். உங்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான், யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவன். "அத்தான், அலாய் வீல் போட்டு டயரை அகலமாக்கிடுங்க, ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். இல்லன்னா ஆக்கர் கடைக்குப் போட்டுட்டு வேற வாங்குங்க." அகல டயர் போட்டால் தார்ச்சாலையில் பிடிப்பு கூடும்தான். ஆனால் ரிம்மின் ஆஃப்செட் மாறினால், சக்கரம் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அதிலிருந்து டயரின் நடு விலகிப் போகும். அப்புறம் சாலையில் உள்ள ஒவ்வொரு தடமும் பள்ளமும் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் நிறுத்தும்போது தோள்பட்டை கழன்றுவிடும். அடியில் கோளாறு உள்ள வண்டிக்கு அலாய் வீல் போட்டால் கோளாறு அப்படியே இருக்கும், பார்க்க மட்டும் நன்றாக இருக்கும். அவன் வண்டியும் அப்படித்தான் இருக்கிறது.

அலைன்மென்ட் கடையையும் சும்மா விட முடியாது. ஒவ்வொரு முறையும் முன்சக்கரம் இரண்டில் மட்டும் கருவியை மாட்டினார்கள். பின்பக்கம் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டால், "இந்த வண்டிக்குப் பின்னால அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார்" என்று பதில். உண்மைதான், ஜென்னின் பின் ஆக்சில் ஒரே உருட்டுக் கட்டையான ஆக்சில், திருகிச் சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை. முன்னால்கூட டோ ஒன்றைத்தான் சரிசெய்ய முடியும். கேம்பர், காஸ்டர் எல்லாம் கம்பெனி வைத்ததுதான். ஆனால் சரிசெய்ய முடியாததை அளக்கவும் கூடாதா? பின் ஆக்சில் கோணலாக நிற்கிறதா என்று நான்கு சக்கரத்திலும் கருவி மாட்டினால் தெரிந்திருக்கும். டோ சரியாக வைத்த பிறகும் நேர் சாலையில் என் ஸ்டியரிங் வளையம் சற்றுச் சாய்ந்தே நின்றது. அதைச் சொன்னபோது வளையத்தைக் கழற்றி நேராக மாட்டித் தந்தார்கள்! காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை உதறி வைக்கிற வைத்தியம்.

கண்டுபிடித்தவர் கார் மெக்கானிக்கே அல்ல. வடசேரிப் பக்கம் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை வேலை செய்யும் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். சைலன்சர் மாட்டும் கம்பி அறுந்து தொங்கியதால் வெல்டிங் வைக்கப் போயிருந்தேன். மழை பெய்து பட்டறை வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. வண்டி அதில் இறங்கி ஏறி உள்ளே வந்தது. பெரியவர் வண்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஈரத்தில் சக்கரத் தடம் விழுந்திருந்தது. முன்சக்கரத் தடத்தின்மேல் பின்சக்கரத் தடம் ஏற வேண்டும். ஏறாவிட்டாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு விலகியிருக்க வேண்டும். என் வண்டியில் இடது பக்கத் தடங்கள் ஒன்றாக இருந்தன, வலது பக்கம் பின்தடம் தெளிவாக விலகி நின்றது.

"ஆக்சில் நேரா நிக்கலியே அண்ணாச்சி. ஓட்டும்போது ஆடுமே?" என்றார்.

இத்தனை பேரிடம் நான் போய்ச் சொன்னதை, நான் சொல்லாமலே கேட்ட முதல் ஆள்.

பள்ளத்தின்மேல் வண்டியை நிறுத்தச் சொன்னார். சக்கரம் நான்கும் தரையில்தான், ஜாக்கி வைக்கவில்லை. பையனைக் கூப்பிட்டு, "லே, டிக்கி பக்கத்துல நின்னு சைடு வாக்குல தள்ளு, ஊஞ்சலாட்டற மாதிரி விட்டு விட்டுத் தள்ளு" என்றார். என்னையும் கீழே இறங்கச் சொல்லி டார்ச்சைக் கையில் கொடுத்தார். ஜென்னில் பின் ஆக்சிலை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்க இரண்டு டிரெய்லிங் ஆர்ம் உண்டு. பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரே ஒரு குறுக்குக் கம்பிதான். பன்ஹார்டு ராடு என்று உலகம் சொல்வதை மாருதிக்காரர்கள் லேட்டரல் ராடு என்பார்கள். ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை பாடியில். இரு முனையிலும் கண் மாதிரி ஒரு வளையம், அதற்குள் ரப்பர் புஷ், அதன் நடுவே போல்ட்.

பையன் தள்ளினான். பாடி அசைந்தது, ஆக்சில் அசையவில்லை. பாடிப் பக்க முனையில் போல்ட் வந்து வளையத்தின் ஒரு சுவரில் இடித்தது, பையன் விட்டதும் எதிர்ச் சுவரில் போய் இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் கறுப்புத் துகள் என் சட்டையில் விழுந்தது. நடுவே இருக்க வேண்டிய ரப்பர் அதுதான். பெரியவர் ஸ்குரூ டிரைவரால் மேலே இருந்த கறுப்புப் பூச்சைச் சுரண்டினார். தகடுபோல உரிந்து வந்தது. அடியில் இரும்பு வளையம் துரு பிடித்து ரப்பரிலிருந்து விட்டுப் பிரிந்திருந்தது. வெளியே இருந்து பார்த்த எவருக்கும் புஷ் முழுசாக, பளபளவென்று தெரிந்திருக்கும். அப்படியே கடப்பாரையை விட்டு வலது டிரெய்லிங் ஆர்மின் முன் புஷ்ஷையும் நெம்பிக் காட்டினார். அதிலும் பாதிச் சுற்று கிழிசல்.

இப்போது பணகுடிக் காற்றை நினைத்துப் பாருங்கள். காற்று பாடியைத் தள்ளுகிறது. ஆக்சில் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பாடி மட்டும் அந்த இடைவெளி தீரும்வரை அதன்மேல் நழுவுகிறது. நான் ஸ்டியரிங்கைத் திருப்புகிறேன். முன்பக்கம் உடனே கேட்கிறது. பின்பக்கம் எதிர்ச் சுவரில் போய் இடித்த பிறகுதான் பின்தொடர்கிறது. அதோடு வலது ஆர்ம் புஷ் கிழிந்திருப்பதால் வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் அந்தப் பக்கச் சக்கரம் சற்று முன்னும் பின்னும் போய், ஆக்சிலே லேசாகத் திரும்புகிறது. பின்சக்கரமும் தன்னிஷ்டத்துக்கு ஸ்டியரிங் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வண்டிக்கு முன்னால் தங்கத்தில் ரேக் செய்து மாட்டினாலும் அலையத்தான் செய்யும்.

புஷ்கள் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. பழையதைத் தட்டி எடுக்க லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, அரை நாள் போனது. பெரியவர் செய்த இன்னொரு காரியத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் லிஃப்ட் வைத்திருக்கும் பெரிய ஒர்க்‌ஷாப்களில்கூட இதைச் செய்வதில்லை. போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு வண்டியைத் தரைக்கு இறக்கினார். பையனையும் என்னையும் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். பிறகு பள்ளத்தில் இறங்கி ஸ்பேனர் போட்டு முழுசாக இறுக்கினார். காரணம் இதுதான். புஷ்ஷின் உள் இரும்பும் வெளி இரும்பும் ரப்பரோடு ஒட்டியவை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் இறுக்கினால் உள் இரும்பு அங்கேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், ரப்பர் முறுகும். வண்டி சும்மா நிற்கும்போதே முறுகி நிற்கிற ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? "புது புஷ் ஆறு மாசத்துல போயிருச்சு, டூப்ளிகேட் மால்" என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் முதலில் இதைக் கேட்க வேண்டும். முன்னால் இருக்கும் லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கும் இதே சட்டம்தான்.

அதன்பின் ஆடியிலேயே பணகுடி வழியாகப் போய் வந்தேன். லாரியைத் தாண்டியதும் வண்டி ஒருமுறை அசைகிறது, பிடித்தால் நிற்கிறது. மாமியார் வழியெல்லாம் தூங்கினார்.

மற்ற விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் போவதற்கு முன்பு டயர் காற்று. காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் வித்தியாசம் இருந்தால் வண்டி இழுக்கும், இதற்கு ஒருவரும் பில் போட முடியாது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2316 என்றால் 2016-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் இன்னும் இருக்கிறதே என்று பத்து வருட டயரில் ஓட்டாதீர்கள், ரப்பர் கல்லாகியிருக்கும். டயர் முகத்தில் உள்ளங்கையைக் குறுக்காகத் தேய்த்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் எதிர்த் திசையில் சொரசொரப்பும் இருந்தால் டோ தப்பு. வண்டி ஒரே பக்கம் இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள் (அம்புக்குறி போட்ட டயர் இல்லையென்றால்). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். நம் சாலைகள் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சாய்ந்திருக்கும் என்பதால் லேசாக இடது பக்கம் போவது நோய் அல்ல.

80-ஐ ஒட்டி ஸ்டியரிங் நடுங்கி, வேகம் கூட்டினால் நின்றுவிட்டால் பேலன்சிங் அல்லது ரிம் அடி. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க். வேகத்தடை ஏறி இறங்கிய பிறகும் குதித்துக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர். எண்ணெய் கசிந்திருந்தால் யோசிக்காமல் ஜோடியாக மாற்றுங்கள். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். அலைன்மென்ட் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக. தேய்ந்த மூட்டுகளோடு செய்த அலைன்மென்ட் கடை வாசல் தாண்டும்வரைதான் நிற்கும். இதற்கு நான் கொடுத்த காசை இன்னும் மறக்கவில்லை.

ஒரு நாளில் ஒரு பொருளுக்கு மேல் மாற்ற விடாதீர்கள். கையோடு கையாக நாலு சாமான் மாற்றினால் எது நோய், எது வீண் என்று ஒருநாளும் தெரியாது. என் டை ராடு எண்டுகள் கெட்டிருந்தனவா இல்லையா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது, பழையதைக் கேட்டபோது "தூக்கிப் போட்டாச்சு சார்" என்றார்கள். கழற்றிய சாமான் உங்களுடையது. பை கொண்டுபோய் வாங்கி வாருங்கள்.

மச்சினனின் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் கடந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி வேறு. இவ்வளவு கட்டி ஏன் வைத்திருக்கிறீர்கள் என்கிறான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை என்று அப்போது கட்டிய அந்தத் தொகை அவனுடைய ஒரு மாதத் தவணையில் பாதிகூட வராது. வீணாய்ப் போன ரேக்கைச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் நான்தான் முன்னால் நிற்கிறேன்.

இன்னும் ஒரு ஆள் பாக்கி. எனக்கு வண்டியை விற்றவர் குளச்சல்காரர். கடல் காற்றில் துரு பிடிக்கும் என்று அடியில் முழுக்கக் கறுப்புக் கோட்டிங் அடித்து வைத்திருந்தார். அதைக் காட்டித்தான் விலையையும் ஏற்றினார். இரும்புத் தகட்டுக்கு அது நல்லதுதான். ஆனால் தாரும் எண்ணெயும் கலந்த பூச்சு ரப்பருக்கு ஆகாது. அதைவிடக் கெடுதல், விரிசலை மூடிவிடுகிறது. பழைய வண்டி வாங்கப் போகும்போது அடிப்பக்கம் புதுக் கறுப்பாக மின்னினால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்குரூ டிரைவரோடு போய், புஷ் இருக்கும் இடங்களில் மட்டும் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு வண்டி பாருங்கள். நீங்களே கோட்டிங் அடிக்கக் கொடுப்பதானால், ஒவ்வொரு புஷ்ஷையும் செய்தித்தாள் சுற்றி டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். "அதுக்கெல்லாம் நேரமாகும் சார், விட்டுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்க" என்பார்கள். போகாதீர்கள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள்.